பண்ணாடி வீட்டுக் காற்று

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்த மயிலாத்தாளும் அவள் கணவன் செந்தூரனும் புளிமாவு ரொட்டி சுட்டு விற்கத் தொடங்கினார்கள். ஈஸ்ட் வாங்கிப் போடுகிற வேலையே கிடையாது. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்தால், காற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்று புளிக்க வைத்துவிடும். இந்தப் பெருமையைச் செந்தூரன் பலகையில் எழுதி வாசலில் மாட்டியதுதான் வினை.

வீட்டுக்காரர் வெள்ளியங்கிரிப் பண்ணாடி அதைப் படித்துவிட்டார். ரொட்டிக்கு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வூடு என்னுது. உள்ள இருக்கற காத்தும் என்னுது, காத்துல இருக்கற உசுரும் என்னுது. தெனமும் பாதி ரொட்டி எனக்கு வரோணும். இல்லீன்னா என்ற உசுருகளைப் பிரிச்சு வெச்சுட்டு இன்னைக்கே வூட்டைக் காலி பண்ணுங்க!"

மயிலாத்தாள் கும்பிட்டாள்.

"நாயந்தானுங்க பண்ணாடி. அதுக உங்களுதேதானுங்க. ஆனா ஆறு மாசமா எங்க மாவைத் தின்னுட்டுக் கெடக்குதுங்க. போன வாரம் ரங்காத்தா ஆடு உங்க கடலைக்காட்டுல வாய் வெச்சதுக்கு, 'ஆடு யாருதோ, தின்னதுக்கு அவங்கதான் பொறுப்பு'ன்னு ரெண்டு மூட்டை கடலை வாங்குனீங்களே. அந்தக் கணக்குல எங்களுக்கு இருவது மூட்டை மாவு வரோணுமுங்க."

"ஆமாங்க, என்ற ஆடுதான்!" என்று கூட்டத்திலிருந்து ரங்காத்தா முன்னால் வந்தாள்.

பண்ணாடி பதறிப்போனார். "என்ற வூட்ல ஏதம்மா காத்து? சன்னலே தொறக்காதே!"

"அதைத்தானுங்க ஆறு மாசமா நாங்களும் சொல்றோம்," என்றாள் மயிலாத்தாள். "சன்னலைச் சரிபண்ண ஆசாரியை எப்பங்க அனுப்பறீங்க?"