பாறை ஒதுங்கிய குகை

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமா பேசின, கல்லும் பேசியது. செங்குடைக் குன்றின் பாறை அப்போது இரும்பு மாதிரி இருந்தது. அதன் அடிவயிற்றில் ஒரு சின்னக் குகை. பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆளுக்கு முட்டி இடிக்கும்.

ஓர் ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை. ஏழாம் நாள் மத்தியானம் ஏரி உடைந்தது. கரையோரம் குடியிருந்த காத்தாயி, கைக்குழந்தையைச் சேலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குகைக்கு ஏறினாள். நரி, முயல், முள்ளம்பன்றி என்று உள்ளே ஏற்கெனவே ஒரே நெருக்கடி.

"முள்ளைக் கொஞ்சம் மடக்கேன், அண்ணே."

"மடக்கினதுதான் தாயி இது," என்றது முள்ளம்பன்றி.

எப்படியோ சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். அப்போது வாசலில் ஒரு சிறுத்தை வந்து நின்றது. வாயில் கவ்வியிருந்த குட்டியைக் காலடியில் இறக்கிவிட்டு, "இடம் இருக்கா?" என்று கேட்டது.

"ஏன், சாப்பாட்டு நேரமாச்சா?" என்றது நரி.

"இன்னைக்குப் பசி இல்லை. பயம்தான் இருக்கு."

வெள்ளம் அதன் பின்னங்காலைத் தொட்டுவிட்டது. காத்தாயிக்கும் சிறுத்தையைக் கண்டு பயம்தான். ஆனால் நனைந்த குட்டி கத்திய சத்தத்தில் அவளுக்குப் பால் சுரந்துவிட்டது. சுவரைத் தொட்டு, "கல்லய்யா, கொஞ்சம் ஒதுங்கேன்," என்றாள்.

"ஒரு தடவை இளகிட்டேன்னா திரும்ப இறுக மாட்டேன், மகளே. காத்தும் மழையும் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும்."

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. அடுத்தவரை அழியச் சொல்ல நாம் யார்? சாமியை நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ என் இடத்தை அது எடுத்துக்கட்டும். பிள்ளையை உன் மடியில விடுறேன். பார்த்துக்கோ."

பிள்ளையைச் சுவரோரம் கிடத்திவிட்டு வாசலுக்கு நடந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. தாயைத் தேடிய அந்தக் கை பாறையைத் தடவியது. இரும்பாயிருந்த பாறைக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"நில்லும்மா!" என்றது.

பொலபொலவென்று செம்மணல் கொட்டியது. சுவர் பின்னால் நகர்ந்தது, ஒரு சிறுத்தையும் குட்டியும் படுக்கிற அளவுக்கு.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் அவரவர் வழியே போனார்கள். பாறை மட்டும் பழைய பாறையாகவில்லை.

அன்றிலிருந்துதான் செங்குடைக் குன்று கை பட்டாலே மணலாக உதிர்கிறது. அன்றிலிருந்துதான் அந்தக் குகைக்குள் தன்னந்தனியாக நுழைகிறவர்கூட நடுவில் உட்காராமல், சுவரோரமாக ஒதுங்கி, வாசலைப் பார்த்தபடி உட்காருகிறார்.