எட்டுத் துறைமுகத்து ஸ்விட்ச்சு

தூத்துக்குடியில் கல்யாண வீடுகளுக்கு நாற்காலியும் அண்டாவும் வாடகைக்கு விடுகிற ஞானதுரையை உங்களுக்குத் தெரியாது என்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். அவர் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார். செருப்பு போடுவதற்கு முன்னாலும் ஒரு நிமிஷம் நின்று, எது எந்தக் காலுக்கு என்று யோசித்துவிட்டுத்தான் போடுவார். அப்படியும் பாதி நாள் மாறித்தான் இருக்கும். அவருக்கு எபனேசர், பொன்சிங் என்று இரண்டு தம்பிகள். அண்ணன் யோசித்துச் சொன்னதை அவர்கள் ஆளுக்கொரு தடவை யோசித்து உறுதி செய்வார்கள். ஆக, அந்த வீட்டில் எந்தக் காரியமும் மூன்று தடவை யோசிக்கப்படாமல் கெட்டுப்போனதே கிடையாது.

நாலாவதாகப் பிறந்தவள் தங்கை கிருபா. அவளுக்கு மட்டும் எப்படியோ புத்தி அமைந்துவிட்டது.

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் கேட்டு அப்படியே டைப் அடித்துக் கொடுக்கிற வேலை ஒன்று அவளுக்குக் கூடிவருகிற மாதிரி இருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். மதுரையில் பத்து நாள் பயிற்சி. அது முடிந்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு பரீட்சை. தேறினால் வேலை.

போன வருஷமும் அவளுக்கு ஒரு வேலை வந்தது. இன்டர்வியூவுக்குப் புறப்படுகிற அன்றைக்கு, "அண்ணே, நான் வாரதுக்குள்ள பஸ்ஸப் பிடிச்சு வைங்க" என்றாள். ஞானதுரை பஸ்ஸைப் பிடித்தார். பின்பக்கத்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. பஸ் அவரைக் கோவில்பட்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. கிருபா தூத்துக்குடியிலேயே நின்றாள். அந்த வேலை போயிற்று. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ஞானதுரைக்கு இன்னும் வலித்தது. இந்தத் தடவை தங்கச்சி சொல்வதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகக் கூடாது என்று அவர் மனதுக்குள் சத்தியம் செய்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் மதுரையிலிருந்து அவள் போன் செய்தாள்.

"அண்ணே, நெட்டு வயரு வழியாத்தான் வரணுமுன்னு கம்பெனியில சொல்லுதாங்க. என் ரூமுக்கு வர்றது ஒத்த வயரு, அதுல டிவி மாட்டியிருக்கு. ஒரு ஸ்விட்ச்சு வாங்கி வச்சா ரெண்டையும் மாட்டிக்கிடலாம். எழுதிக்கிடுங்க. எட்டு போர்ட் இருக்கணும். மேனேஜ்டு வேண்டாம், அது விலை கூட. ஃபேன் இல்லாததாப் பாருங்க. சத்தம் வரவே கூடாது, டாக்டருங்க மெதுவாத்தான் பேசுவாங்க. ரெண்டாயிரத்துக்குள்ள முடிச்சிருங்கண்ணே."

பொன்சிங் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"எட்டு போர்ட்டுன்னு போட்டிருக்கு," என்றார் பொன்சிங். "நம்ம ஊர்ல பழைய போர்ட் ஒண்ணு, புது போர்ட் ஒண்ணு. மொத்தமே ரெண்டுதான?"

"மத்த ஊரையும் சேத்துக்கோலே," என்றார் எபனேசர். "சென்னை, எண்ணூரு, கடலூரு, நாகப்பட்டினம், கொச்சி, கொல்லம். ஆறு. நம்ம ரெண்டு. கணக்கு சரியா வருது."

ஞானதுரை கண்ணை மூடி யோசித்தார். "எட்டுத் துறைமுகத்துலயும் இறங்குன சரக்கா இருக்கணும்னு சொல்லுதா. ஒரே துறைமுகத்துல இறங்குனா அது லோக்கல் சாமான். தங்கச்சி விவரமானவ."

தம்பிகள் இருவரும் பெருமையோடு தலையாட்டினார்கள்.

நாற்காலி ஏற்றுகிற குட்டி வேனில் புறப்பட்டு, முதலில் எலெக்ட்ரிகல் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் செய்யது மேசைமேல் ஸ்விட்ச்சுகளைப் பரப்பினார். ஞானதுரை ஒவ்வொன்றின்மேலும் காதை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"டக்குங்குது. அடுத்தது."

அடுத்ததும் டக் என்றது. முப்பது ஸ்விட்ச் ஆயிற்று. நடுவில் ஆட்டோ ஹாரன் குறுக்கிடுகிறது என்று பொன்சிங் நடுரோட்டில் இறங்கி, இரண்டு பக்கத்து வண்டிகளையும் கையைக் காட்டி நிறுத்தி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஃபேன் இல்லாததா வேணும் அண்ணாச்சி," என்று எபனேசர் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"எந்த ஸ்விட்ச்சுல ஃபேன் இருக்கு? ஃபேன் தனியாத்தான வாங்கணும்!"

"அப்போ ஒரு விஷயம் முடிஞ்சுது," என்று எபனேசர் நிம்மதியாகச் சீட்டில் ஒரு கோடு போட்டார்.

பேச்சுவாக்கில் 'நெட்டு' என்ற வார்த்தை எபனேசர் வாயில் வந்ததால் செய்யது பிழைத்தார். "இத முதல்லயே சொல்லக்கூடாதா? அது கம்ப்யூட்டர் கடையில கிடைக்கும்" என்று தெருக்கோடியைக் காட்டி அனுப்பிவைத்தார்.

கம்ப்யூட்டர் கடைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு மேசை. மேசைமேல் ஒரு பலகை. பலகையில் ஒரு வார்த்தை. எபனேசர் கண்ணாடியில் மூக்கை வைத்து வாசித்தார்.

"அண்ணே, 'மேனேஜர்'னு போட்டிருக்கு. ஆளும் உக்காந்திருக்காரு."

ஞானதுரை தம்பியின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "மேனேஜ்டு வேண்டாமுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே! அவரு இருக்கும்போது வாங்குனா விலை கூட. அவரு போனப்புறம் உள்ள போவோம்."

வேனிலிருந்து மூன்று நாற்காலிகளை இறக்கி, கடைக்கு எதிரே நடைபாதையில் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். சீட்டில் 'சத்தம் வரவே கூடாது' என்றும் இருந்ததால் மூவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு, ஓரக்கண்ணால் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆயிற்று. மேனேஜர் எழுந்திருக்கவில்லை. டப்பாவைத் திறந்து மேசையிலேயே தயிர்ச்சாதம் சாப்பிட்டார்.

தெருவில் போன ஒருவர் இந்த மூவரையும் பார்த்துவிட்டு, சைக்கிளை நிறுத்தி, தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"யாரு அண்ணாச்சி?"

ஞானதுரை கடைப்பக்கம் கையைக் காட்டி, "மேனேஜரு" என்றார்.

"அடப்பாவமே! எப்போ?"

"இன்னும் போகல. காலையிலேருந்து இந்தா போவாரு, அந்தா போவாருன்னு பாத்துக்கிட்டிருக்கோம். இழுத்துக்கிட்டே கிடக்கு."

"சாப்பாடு இறங்குதா?"

"இப்பத்தான் கொஞ்சம் தயிர்ச்சாதம் இறங்குச்சு."

"அப்போ சாயந்தரம் வரைக்கும் தாங்கும்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அவரும் நாற்காலி கேட்டார். வேனில் நாற்காலிக்கா பஞ்சம்? அடுத்தடுத்து ஆள் வந்தது. நாலு மணிக்குள் நடைபாதையில் நாற்பது பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ ஒரு சம்பங்கி மாலையும் வாங்கி வந்து, போடுவதற்கு நேரம் பார்த்துக் கையில் வைத்திருந்தார்கள்.

உள்ளே இருந்த மேனேஜர் கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போய் வெளியே வந்தார். "என்னாச்சு? யாரு போயிட்டா?"

"இந்தக் கடை மேனேஜரு," என்றது கூட்டம். "நல்ல மனுசன்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தச் சமயத்துக்காகத்தான் காத்திருந்த ஞானதுரை, ஒரே பாய்ச்சலில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சீக்கிரம்மா! அவரு வாரதுக்குள்ள ஒரு ஸ்விட்ச்சு! எட்டு போர்ட், ஃபேன் கூடாது, சத்தம் கூடாது!"

விற்பனைக்கு நின்ற ஷைனி என்ற பெண் நிதானமாக ஒரு குட்டி இரும்புப் பெட்டியை எடுத்து வைத்தாள். "மேனேஜ்டா, சாதாவா?"

"அவரு வெளியதாம்மா இருக்காரு!"

"அப்போ சாதா. இந்தாங்க எட்டு போர்ட்" என்று பெட்டியின் முகத்தில் இருந்த எட்டு ஓட்டைகளைக் காட்டினாள். "நெட்டு வயர ஒண்ணுல மாட்டுங்க, மத்த மிஷின மத்ததுல மாட்டுங்க. ஃபேன் இல்ல, அதனால சத்தமே கிடையாது. ஆனா நல்லாக் காத்தோட்டமா வைக்கணும். சூடாயிரக் கூடாது."

விலை இரண்டாயிரத்துக்கு நல்லா உள்ளேதான் இருந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஞானதுரைக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துக் கூட்டமும் ஒரு மூச்சு அழுதது. அந்தச் சம்பங்கி மாலை கடைசியில் மேனேஜர் கழுத்தில்தான் விழுந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்த கையோடு கிருபாவின் மாடி அறையில் வேலை ஆரம்பமாயிற்று.

"ஃபேன் இருக்கக் கூடாது," என்று நிமிர்ந்து பார்த்தார் எபனேசர். தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார்கள். வேர்த்துக் கொட்டியது.

"காத்தோட்டமா வைக்கணும்," என்றார் பொன்சிங். "இந்த ரூம்ல காத்து எங்கலே அதிகம்?"

"ஃபேன் இருந்த இடத்துலதான்."

ஃபேன் தொங்கிய கொக்கியில் பந்தல் கயிற்றைக் கட்டி, ஸ்விட்ச்சைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். நெட் வயர் ஒன்று, டிவிக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று மூன்று வயர்களை மாட்டினார்கள். அப்போதுதான் ஞானதுரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"எட்டு ஓட்டையில மூணுதான் அடைஞ்சிருக்கு. மிச்ச அஞ்சு வழியா நெட்டு ஒழுகிப்போச்சுன்னா?"

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். விஷயம் பெரிதாகத்தான் பட்டது. எபனேசர் தங்கள் வாடகைக் கடைக்கு ஓடிப்போய், பாயசம் பரிமாறுகிற வாளியைத் துலக்கி எடுத்துவந்து கீழே வைத்தார்.

அடுத்தது சத்தச் சோதனை. ஞானதுரை ஏணியில் ஏறி, ஸ்விட்ச்சில் காதை வைத்தார். முகம் மாறியது.

"டிக் டிக்குங்குதுலே."

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார்கள்.

"இப்போ ஊங்குது."

பிரிட்ஜை அணைத்தார்கள்.

"இப்போ தொப்பு தொப்புங்குது. நல்லா கேக்கு. மூணு மாடு நடந்து வர்ற மாதிரி."

எபனேசர் ஏணியில் ஏறி, அண்ணன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இறங்கினார். "அது உங்க நெஞ்சுண்ணே. அத அணைக்க முடியாது."

"பரீட்சை நேரத்துல நான் தெருவுல நிக்கேன்," என்றார் ஞானதுரை தியாகத்தோடு.

கடைசியில் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. ஒரு சத்தமும் இல்லையென்றால் உயிர் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொன்சிங் சவரக் கண்ணாடியை எடுத்து அதன் வாய்க்கு நேரே பிடித்தார். மூச்சு படியவில்லை. ஆனால் கண்ணாடியில் பச்சைப் பொட்டு ஒன்று விட்டுவிட்டு மின்னுவது தெரிந்தது.

"உசுரு இருக்குண்ணே! கண்ணடிக்குது!"

"பொம்பளப் பிள்ளை இருக்குற ரூம்ல கண்ணடிக்கவா?" என்று ஞானதுரை அதை முறைத்தார். இருந்தாலும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு கிருபா பையோடு வந்து இறங்கினாள். அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நடு அறையில் ஒரு பெட்டி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அடியில் பாயச வாளி. இரண்டு பக்கமும் எபனேசரும் பொன்சிங்கும் ஸ்டூலில் ஏறி நின்று, பனை விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் சட்டை நனைந்து போயிருந்தார்கள்.

"இது என்னண்ணே வாளி?"

"ஒழுகுற நெட்டு வீணாப் போகக் கூடாதுல்லாம்மா," என்றார் ஞானதுரை.

அவள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் விழலையே."

"விழுந்திருக்கும். சத்தம் போடாத நெட்டு."

கிருபா பையைக் கீழே வைத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். நெட் பாய்ந்து வந்தது. ஞானதுரை சொன்னபடி தெருவில் போய் நின்றுகொண்டார். நிற்கும்போது அவருக்கு அந்தப் பஸ் ஏணி ஞாபகம் வந்தது; இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். மாடியில் எபனேசருக்குத் தும்மல் வந்தது. பொன்சிங் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுதாக இருபது நிமிஷம் விடவேயில்லை. ஒரு மணி நேரம் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

பதினொன்றே காலுக்கு கிருபா படியில் ஓடிவந்தாள். "அண்ணே, வேலை கிடைச்சிருச்சு! எழுதுன அத்தனை பேர்லயும் என் ரூம்தான் ரொம்ப அமைதியாம், பரீட்சை வச்ச அம்மா மைக்குல கேட்டு அசந்துபோயிட்டாங்க!"

ஞானதுரை நடுத்தெருவில் நின்று குழந்தைமாதிரி அழுதார். தம்பிகள் விசிறியோடு வந்து அவருக்கு விசிறினார்கள்.

"எனக்குப் பசிக்கு, நான் சாப்பிடப் போறேன்," என்றாள் கிருபா. "அந்த ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணிருங்கண்ணே."

மூவரும் மேலே போய், பெட்டியை முன்னும் பின்னும் மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்கள். ஆஃப் பண்ணுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"ஸ்விட்ச்சுல ஸ்விட்ச்சு இல்லையேண்ணே!" என்றார் எபனேசர்.

"சுவத்துல ஒண்ணு இருக்கு," என்று பொன்சிங் பிளக் மாட்டியிருந்த இடத்தைக் காட்டினார்.

"அது சுவத்தோட ஸ்விட்ச்சுலே. தங்கச்சி சுவர ஆஃப் பண்ணச் சொன்னாளா, இத ஆஃப் பண்ணச் சொன்னாளா?"

அதுவும் நியாயம்தான். நெடுநேரம் யோசித்து, கரண்ட் நின்றால்தான் இது நிற்கும் என்று முடிவாயிற்று. பொன்சிங் ஒரு முழுத்தாளில் மனு எழுதினார்: 'ஐயா, எங்கள் தெருவுக்குத் தயவுசெய்து கரண்டை நிறுத்தித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' கரண்ட் ஆபீஸில் அதை வாங்கிப் படித்த எழுத்தர் இரண்டாம் தடவையும் படித்தார். எழுந்து நின்றார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லி, மூன்று பேர் கையையும் பிடித்துக்கொண்டு விட மனசில்லாமல் அனுப்பிவைத்தார்.

மனுவுக்கு மதிப்பளித்தார்களோ, இல்லை காக்காய் ஏதாவது டிரான்ஸ்பார்மரில் உட்கார்ந்ததோ தெரியாது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. ஞானதுரை மாடிக்குத் தாவி ஓடினார். பச்சைப் பொட்டு அணைந்திருந்தது.

"ஆஃப் ஆயிட்டுலே!" என்று தம்பிகளைக் கட்டிக்கொண்டார். மூவரும் மிட்டாய் வாங்கித் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். எதற்கு என்று தெரியாமலே எல்லோரும் வாங்கித் தின்றார்கள்.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது. பெட்டி மறுபடியும் கண்ணடித்தது.

ஞானதுரை அதை முறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து தம்பி கையில் கொடுத்தார்.

"எழுதுலே பொன்சிங்கு. 'ஐயா, நீங்கள் நிறுத்திய கரண்ட் மறுபடியும் வந்துவிட்டது. உடனே ஆள் அனுப்பவும்.'"