புடலங்காய்க்குக் கட்டிய கல்

"பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் விலைக்குக் கிடைக்காங்க டீச்சர். எல்லாம் போட்தான், ஆளில்லாத மெஷின் கணக்கு. வாங்கிப் போட்டுரட்டுமா?"

கேட்டவர் அடைக்கலம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் மாடித் தோட்டம் பற்றி வீடியோ போடுகிறவர். டீச்சர் ஜமீலா அவரைவிட இருபது வயது இளையவள். கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் குரு.

அடைக்கலம் கொதித்துப்போயிருந்தார். புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டுவது பற்றிய அவருடைய வீடியோவை ஏதோ ஒரு போட் சேனல் சுட்டு, மெஷின் குரல் ஒட்டிப் போட்டிருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அவருக்கு முந்நூறு பார்வை, அதற்கு நாலு லட்சம்.

எது அசல் என்று வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்கச் சொல்லிவிட்டது வீடியோ தளம். அசலுக்கு முகப்பில் இடம், நகலுக்குப் பூட்டு. அவரோ போனில் இடமில்லை என்று மூல வீடியோவை எப்போதோ அழித்துவிட்டார். ஆள்பலம் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தார்.

ஜமீலா அவர் போனை வாங்கினாள். திருட்டு வீடியோவைத் திறந்து, கீழே உள்ள கமெண்டுகளை வாசிக்கச் சொன்னாள்.

சூப்பர். அருமை. சூப்பர். வேறு வேறு பெயரில் ஒரே சூப்பர். அலுப்போடு தள்ளிக்கொண்டே போன விரல் ஒரு பெண்ணின் கேள்வியில் நின்றது.

"கல் கட்டினேன். பிஞ்சு அறுந்து விழுந்துட்டு. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

பதினோரு நாளாக யாரும் பதில் சொல்லவில்லை.

அடைக்கலத்துக்கு வெட்கமாகிவிட்டது. எலுமிச்சை அளவுக் கல் என்று வீடியோவில் சொன்னவர், காய் ஒரு முழம் வளர்ந்த பிறகு என்று சொல்ல மறந்திருந்தார். திருடன் பிழையையும் சேர்த்தே திருடியிருந்தான்.

விலைக்கு வாங்க நினைத்த பத்தாயிரம் பேரும் அவருக்கு மறந்துபோனார்கள். அவசரமாகத் தட்டினார்.

"தப்பு உங்களுது இல்லம்மா, என்னுது. பிஞ்சுக்குச் சுண்டைக்காய் அளவு கூழாங்கல் போதும். ஒரு முழம் வந்தப்புறம் பெருசா மாத்துங்க."

உடனே பதில் வந்தது. "நீங்க யாரு?"

ஜமீலா தளம் அனுப்பியிருந்த படிவத்தைத் திறந்து அவர் முன் வைத்தாள். சான்று என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அந்தம்மா கேக்கதத்தான் தளத்துக்காரங்களும் கேக்காங்க, அண்ணாச்சி."

அடைக்கலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளில் எதையும் அவ்வளவு பெருமையாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

"அந்த வீடியோவுல ஒரு தப்பு இருக்கு. அதைச் செஞ்சவன் நான்" என்று சான்றுக் கட்டத்தில் எழுதினார்.