வாத்தியார் வரைந்த தடித்த எழுத்து

கணக்கு வாத்தியார் மாசிலாமணி, பென்ஷன் வாங்கத் தொடங்கின பிறகு எழுத்து வரையக் கற்றுக்கொள்ளப் போனார். கம்ப்யூட்டருக்கு எழுத்து வடிவம் செய்கிற ஜெய்தூன்தான் அவருக்குக் குரு. மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் அவர் வாய் நிறைய "குருவம்மா" என்பார். அவள் "சார்" என்பாள்.

மூன்று வருஷம் உட்கார்ந்து ஒரு எழுத்து வடிவம் செய்தார். காம்பஸ் வைத்த வட்டம், ஸ்கேல் வைத்த கோடு. கொக்கி கிடையாது, வால் கிடையாது, ஓரிடத்திலும் மெலிவு கிடையாது. 'ட' என்றால் ஆசாரியின் மூலைமட்டம் மாதிரி விறைப்பாக நிற்கும்.

ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதுசாக நாற்பது பலகை வேண்டியிருந்தது. வேலை ஜெய்தூனிடம் வந்தது.

"நாற்பதுக்கும் என் எழுத்துதானே, குருவம்மா?"

"எந்த இடத்துக்கு ஏத்ததுன்னு நினைக்கிறீங்க, சார்?"

"பொருந்தாத இடம்னு ஒண்ணு இருக்கா? நீங்களே காட்டுங்க, பாப்போம்."

அவள் ஒன்றும் காட்டவில்லை. நாற்பதையும் அட்டையில் அச்சடித்தாள். "ஒரு நாள் மாட்டிப் பாப்போம் சார். நாமளும் கூடவே நிப்போம்."

காலையில் வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தான். "கக்கூஸ் போர்டே கலெக்டர் ஆபீஸ் மாதிரி நிக்குது சார். செருப்பைக் கழட்டிட்டுப் போகலாமான்னு இருக்கு."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பத்து மணி வாக்கில் ஒரு பெண் ஓடி வந்தாள். தோளில் ஒரு பிள்ளை. பாம்பு கடித்த கால் வீங்கித் தொங்கியது. வந்தவள் கூடத்து நடுவில் நின்றுவிட்டாள். எழுத்துத் தெரிந்தவள்தான். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மருந்தகம்... எக்ஸ்ரே... கேன்டீன்..."

எல்லாம் ஒரே கனம், ஒரே உயரம். கழிப்பறையைப் படித்தாள். மறுபடி மருந்தகத்துக்கே வந்தாள்.

அதற்குள் ஜெய்தூன் பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்துவிட்டாள். "இங்கிட்டு வா தாயி, இங்கிட்டு!"

மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, "புள்ள பொழைச்சுக்கிட்டான்" என்றாள்.

வாத்தியார் வாட்ச்மேனிடம் ஏணி வாங்கினார். முதலில் கேன்டீனைக் கழற்றினார். பிறகு கழிப்பறையை. எக்ஸ்ரே பலகையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அதையும் கழற்றினார். ஜெய்தூன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

முப்பத்தொன்பதும் இறங்கின. அவசர சிகிச்சை வாசல் மேலே ஒன்று மட்டும் நின்றது. வாசல் கேட்டிலிருந்தே தெரிந்தது.

வாத்தியார் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷம், குருவம்மா. ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினேன். எல்லாம் ஒத்தைப் பலகைக்குத்தானா?"

ஜெய்தூன் அவர் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு எத்தனை பலகையைத் தேடினா, சார்?"