எண்டர் மேல நின்ன விரலு

சொல்றது அத்தனையும் சத்தியம். ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் போனு இன்னைக்கே கடல்ல விழட்டும்.

தூத்துக்குடியில ரோஸ்லின் டீச்சர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருந்தாங்க. வயசு முப்பது தாண்டலை. சிஷ்யப்பிள்ளை செல்லையா அண்ணாச்சி பேத்தி எடுத்தவரு. டிவி ரிப்பேரு படுத்துப்போச்சுன்னு இங்க வந்து சேந்தவரு. வந்த நாள்லருந்து அவருக்கு ஒரே அரிப்பு.

"நெட்ல தட்டினா ஆயிரம் பதிலு கொட்டுது டீச்சர். நீங்க எதுக்கு இந்தத் தலகாணி புக்கை அடுக்கி வச்சிருக்கீங்க? எது ஒசத்தி?"

டீச்சர் ஸ்க்ரூவைக் கழட்டிக்கிட்டே இருப்பாங்க.

ஒரு நாள் ஸ்டுடியோ மரியசூசை ஓடியாந்தான். கையில டிஸ்க்கு, மூஞ்சியில உயிரில்லை.

"கல்யாணப் படம் டீச்சர், திறக்க மாட்டேங்குது. பொண்ணோட அப்பா மறுவாரமே தவறிட்டாரு. அவரு சிரிச்ச படம் இதுல மட்டுந்தான் இருக்கு. சாயங்காலம் அந்தப் பிள்ளை வருது."

"நான் பாக்கேன்"னு அண்ணாச்சி முந்திக்கிட்டாரு. நெட்ல தேடி, மொதல்ல வந்த பதில்ல இருந்த ஒத்த வரிக் கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டுனாரு. எண்டர் தட்டுறதுதான் பாக்கி.

"இருங்க அண்ணாச்சி." டீச்சர் சூசை டிஸ்க்கை உருவிட்டு வேற ஒண்ணை மாட்டுனாங்க. "இது நீங்க சரிபாக்கக் குடுத்தது. உங்க பேத்தி படம் இருக்குற டிஸ்க்கு. மொதல்ல இதுல தட்டுங்க."

விரலு எண்டர் மேல நின்னுபோச்சு. நடுங்குது.

விரலை எடுத்துட்டு, அந்தப் பதிலுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாத்தாரு. ஒருத்தன் எழுதியிருக்கான்: இதைப் போட்டேன், டிஸ்க்கைச் சுத்தமா துடைச்சிருச்சு.

பாய்ஞ்சு புக்கை எடுத்தாரு. அதுல ஒரு கட்டளை. அதை அடிச்சாரு.

"தட்டுங்க"ன்னாங்க டீச்சர்.

திரும்பவும் விரலு நின்னுச்சு. மெல்ல மொத பக்கத்தைப் புரட்டுனாரு. அந்த புக்கு அச்சானப்ப பேத்தியோட அம்மாவே பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தா.

"மணி நாலாவுது அண்ணாச்சி." சூசை வாசலை எட்டி எட்டிப் பாத்தான்.

"காலி டிஸ்க்கு குடுங்க டீச்சர். நகல் எடுத்துக்கிடுவோம். எதைத் தட்டுனாலும் நகல்ல தட்டுவோம்."

"மாட்டியிருக்குறதே காலிதான். உங்களுது அலமாரியில பத்திரமா இருக்கு."

சூசை டிஸ்க்கோட நகல் அதுல ஏறுச்சு. நெட்டுக் கட்டளை அதைத் துடைச்சுவிட்டுருச்சு. திரும்ப நகல். புக்குக் கட்டளைக்கு அது அசையவே இல்லை. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிச்சு, மூணாவதா ஒண்ணு போட்டாரு. அந்தப் பிள்ளை வாசல்ல செருப்பைக் கழட்டும்போது, அவ அப்பா திரையில சிரிச்சுக்கிட்டிருந்தாரு.

எல்லாரும் போனப்புறமும் அண்ணாச்சி விடலை. "இப்பவாவது சொல்லுங்க டீச்சர். புக்கா, நெட்டா?"

"எதை வேணும்னாலும் படிங்க அண்ணாச்சி. பேத்தி டிஸ்க்குன்னதும் விரலு நடுங்குச்சுல்லா? சூசை டிஸ்க்குக்கு ஏன் நடுங்கலை?"

அண்ணாச்சி வாயே திறக்கலை.

சரி, நீங்க வாயைத் திறங்க. ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும் இங்க வரணும். இந்தக் கதை நெட்ல ஓசியா கிடைக்குமேங்கிறவரு, பஜ்ஜியையும் அங்கேயே தேடிக்கிடலாம்.