தட்டாத கை

பைக்கால் ஏரிக்குக் கிழக்கே, உலான் உதே நகரத்தில் தோர்ஜி என்றொரு ஆசான் இருந்தார். எம்.எம்.ஏ. என்னும் கூண்டுச் சண்டைக்கு வீரர்களைத் தயார் செய்வது அவர் வேலை. அவரிடம் பழகி ரஷ்யா முழுக்கப் பேர் வாங்கியவன் சயான்.

மாஸ்கோவில் நடந்த பட்டச் சண்டையில் சயான் தோற்றான். ஆனால் தான் தோற்றதாக அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எதிராளி அவனைக் கீழே தள்ளி, வலது கையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, முழங்கையை எதிர்ப்பக்கமாக வளைத்தான். வலி பொறுக்க முடியாதவன் கையால் தட்டினால் போதும், சண்டை முடிந்துவிடும். சயான் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் புரண்டால் கழன்றுவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அப்போது கூண்டுக்கு வெளியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு வந்து விழுந்தது. தோல்வியை ஒப்புக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம். எறிந்தவர் தோர்ஜி.

ஊர் திரும்பும் விமானத்தில் சயானுக்கு ஒரே காட்சிதான் கண்ணுக்குள் நின்றது. சண்டைக்குச் சற்று முன்பு, உடை மாற்றும் அறைக்கு வெளியே, எதிராளியின் பயிற்சியாளர் ஒலெக்கோடு ஆசான் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. அந்த ஒலெக்கும் ஆசானும் ஒரு காலத்தில் ராணுவ அணியில் ஒன்றாக இருந்தவர்கள்.

அதன் பிறகு ஆசான் அவன் கையில் கட்டுத்துணி சுற்றிவிட்டால், அவர் தலை மறைந்ததும் அவிழ்த்துத் தானே சுற்றிக்கொண்டான். அவர் நீட்டிய தண்ணீரை வாங்கி, குடிக்காமல் வைத்தான். அவருடைய போன் அடித்தால் கயிறு தாண்டுவதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டான். "இடது பக்கம் நகரு" என்று அவர் சொன்னால், ஏன் இடது பக்கம் என்று யோசித்தபடியே நின்று அடி வாங்கினான்.

தோர்ஜி எல்லாவற்றையும் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. அதுவே சயானின் சந்தேகத்தை வளர்த்தது. மடியில் கனமில்லாத மனிதர் என்றால் இந்நேரம் கேட்டிருக்க மாட்டாரா?

அதே எதிராளியோடு மறுபடியும் சண்டை முடிவாயிற்று. மாஸ்கோவிலிருந்து வேறொரு பயிற்சிக்கூடமும் சயானைக் கூப்பிட்டது. போவதற்கு முன் கேட்டுவிடுவது என்று ஒரு நாள் காலையில் வந்தான். கூடத்தில் வேறு யாரும் இல்லை. தோர்ஜி முழங்காலிட்டு விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, ஒன்று கேட்க வேண்டும்."

"கேள்."

"அன்றைக்கு ஒலெக் உங்களிடம் என்ன பேசினார்?"

"அவர் மகளுக்குக் கல்யாணம். அதைச் சொன்னார்."

"என்னைப் பார்த்ததும் ஏன் நிறுத்தினீர்கள்?"

"கூண்டுக்குள் போகப்போகிறவன் காதில் எதிரணி வீட்டுக் கல்யாணப் பேச்சு எதற்கு?"

"நம்புகிற மாதிரி இல்லையே."

"இல்லைதான்."

சயானுக்கு முகம் சிவந்தது. "என்னை விற்றுவிட்டீர்களா?"

தோர்ஜி துடைத்த துணியை ஓரமாக வைத்தார். "படு," என்றார்.

அவன் தயங்கினான். பிறகு படுத்தான். ஆசான் அவன் வலது கையை இழுத்துத் தொடைகளுக்கு நடுவே இறுக்கினார். மாஸ்கோவில் எதிராளி போட்ட அதே பிடி.

"வலித்தால் தட்டு."

மெதுவாக வளைத்தார். சயான் தட்டவில்லை. இன்னும் வளைத்தார். முழங்கை நேராயிற்று, நேரையும் தாண்டிற்று. அவன் நெற்றி வியர்த்தது. இதற்கு மேல் கொஞ்சம் போனால் எலும்பு நிற்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் இடது கை விரிப்பின் மேல் சும்மா கிடந்தது.

பிடி தளர்ந்தது.

இருவரும் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"ஏன் தட்டவில்லை?" என்று கேட்டார் தோர்ஜி.

"நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று தெரியும்," என்றான் சயான், கையை நீவியபடி.

"அப்படியானால் என்னிடம் என்ன கேட்க வந்தாய்?" என்றார் ஆசான்.