பன்னிரண்டாம் பக்கத்து எறும்பு

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. எங்கள் ஊர் கிளை நூலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. நானும் சிரித்தேன். சீடர் வைத்திலிங்கம் சார் எனக்குத் தலைமையாசிரியராக இருந்தவர். ஒரே கட்டுரையை என்னை ஏழு தடவை எழுத வைத்தவர். அவர் இன்னொருவர் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

குரு, நூலகர் ரெஜினா. சனி, ஞாயிறுகளில் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் படித்துக் காட்டுவார். பாதிக் கதையில் பிள்ளைகள் அவர் மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

சாரின் பேத்தி நறுமுகை மஸ்கட்டிலிருந்து வந்திருந்தாள். மூன்றரை வயது. மூன்று வாரம் ஆகியும் தாத்தாவிடம் அண்டவில்லை. அவர் கூப்பிட்டால் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம். அடுத்து வருவது இரண்டு வருடம் கழித்துத்தான்.

"ஒரு தடவை மடியில வந்து உட்காந்துட்டாப் போதும்மா," என்றார் சார். "அதுக்கு நான் என்ன செய்யணும்?"

ரெஜினா அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். 'கம்பளி கேட்ட யானை' என்று பெயர். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு வரி.

"படிச்சுக் காட்டுங்க சார்."

மறுநாள் சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன். ஒரு பிழை இல்லாம, நிறுத்தி நிதானமா. மூணாவது பக்கத்துல எழுந்து போயிட்டா."

"மூணாவது பக்கத்துல என்ன செஞ்சீங்க?"

"கேள்வி கேட்டேன். யானைக்கு ஏன் குளிருது? கம்பளி எதுலேருந்து கிடைக்குது?"

ரெஜினா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அடக்கவில்லை. சார் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நாளிதழுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அந்தக் கம்பளி என்ன கலர் சார்?"

சார் யோசித்தார்.

"அது பாடத்துல... கதையில வரலையேம்மா."

ரெஜினா புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மேசையிலிருந்த மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஒரு வரியின் மேல் ஒட்டினார். பதினாறையும் ஒட்டி முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா இது? எழுத்தை எல்லாம் மறைச்சுட்டீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் நான் எதைப் படிக்கிறது?"

ரெஜினா அடுத்தவருக்குப் புத்தகம் பதியப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடம் எழுத்தை நம்பிப் பிழைத்த மனிதருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இரண்டு நாள் ஆளைக் காணோம். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே நின்று கத்தினார்.

"டீச்சர்! உட்காந்துட்டா!"

படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தோம். சார் எங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொன்னார். எழுத்தில்லாத புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நறுமுகை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறாள்.

"'தாத்தா, உனக்குப் படிக்கத் தெரியாதா?'ன்னு கேட்டா டீச்சர். என்னைப் பார்த்து!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலம்மான்னேன். நிஜமாவே எனக்குத் தெரியல. 'தள்ளு'ன்னா. மடியில ஏறி உட்காந்து அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிவப்பு எறும்பு வருது, தெரியுமா? எழுத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நான் பார்க்கவே இல்ல. என் விரலைப் பிடிச்சு எறும்பு மேல வச்சு, 'நல்லாப் பாரு தாத்தா'ன்னு அதட்டுறா! நேத்து மட்டும் ஒன்பது தடவை. இன்னிக்குப் பல்லுகூட விளக்காம நாலு தடவை!"

மூலையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் கைதட்டினார். நானும் தட்டினேன். என்னை அந்தப் பாடு படுத்திய மனிதர் ஜெயித்ததில் எனக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கம்பளி என்ன கலர் சார்?" என்றார் ரெஜினா.

"நீலம்! ஓரத்துல வெள்ளைக் குஞ்சம். அதுல ஒண்ணு பிஞ்சு தொங்குது!"

ரெஜினா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் டீச்சர். அதுக்குத்தான் ஓடி வந்தேன். பன்னிரண்டாம் பக்கத்துல மட்டும் எறும்பைக் காணோம். ரெண்டு பேரும் தேடாத இடமில்ல. புத்தகத்தைக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டா. தரையில குப்புறப் படுத்துத் தேடிக்கிட்டே இருக்கா. நாளைக்குக் கிளம்பிடுவா. எறும்பு எங்க இருக்குன்னு நீங்க சொல்லிட்டா, நான் போய் அவளுக்குக் காட்டிடுவேன்."

ரெஜினாவுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியும். அந்தப் புத்தகத்தை அவர் எத்தனை தடவை படித்துக் காட்டிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ அங்க தேடிக்கிட்டிருக்கா," என்றார். "நீங்க இங்க என்ன சார் பண்றீங்க?"